மின்னஞ்சலில் தாய்ப்படியும் சேய்ப்படிகளும்

ஒரு நூலுக்கு இரண்டு ஏட்டுப்படிகள் கிடைத்துள்ளன எனக் கொள்வோம். ஒரு படியில் உள்ள செய்யுள் ஒன்று மற்றைப் படியில் இல்லை. அந்நிலையில் பதிப்பாசிரியர் இரண்டு வகையாக எண்ணுதற்கு இடமுண்டு. அச்செய்யுள் மூலத்தில் இருந்து, படியெடுத்தவர் ஒருவரின் சோர்வால் விடுபட்டிருக்கலாம். அன்றி மூலத்தில் இல்லாத ஒன்றனைப் பிற்காலத்தார் இடைச்செருகலாகப் புகுத்தியிருக்கலாம். இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்து எத்துணை நேரம் உற்று நோக்கினும், அவ்விரண்டினின்று மட்டும் விடை கிடைப்பதில்லை. மூன்றாவது படி ஒன்று வேண்டும். அல்லது அவை எப்பொழுது, எதனைப் பார்த்து எழுதப்பட்டன என்னும் வரலாறு வேண்டும்.

மூலபாட ஆராய்ச்சியிற் பழகியோர்க்கு இவ்வினா புதியதன்று. ஒரே முகவரிக்கு வரும் மின்னஞ்சலைக் கைப்பேசியிலும் மேசைக் கணினியிலும் படிக்கும் ஒவ்வொருவரிடத்தும் இதே வினா நாள்தோறும் பன்முறை எழுகின்றது. கைப்பேசியில் ஒரு மடல் உள்ளது; கணினியில் அஃது இல்லை. அம்மடல் புதிதாக வந்து கணினியை இன்னும் எட்டாதிருக்கின்றதா? அன்றிக் கணினியில் நீக்கப்பட்டு, நீக்கிய செய்தி கைப்பேசியை எட்டாதிருக்கின்றதா? முன்னதாயின் கணினியில் ஒரு படி சேர்த்தல் வேண்டும்; பின்னதாயின் கைப்பேசியில் உள்ளதனை அழித்தல் வேண்டும். இரண்டும் நேர்மாறான செயல்கள். முடிவு பிழைபடின், அழித்த மடல் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும். அல்லது வேண்டிய மடல் படிக்கப்படாமலே மறைந்துபோம். இச்சிக்கலுக்குப் பொறியியலார் கண்ட விடையினையும், அவ்விடையின் இயல்பினை அறியாத ஆய்வாளர் தம் மடல்களை இழத்தற்குரிய இடத்தினையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. பேச்சில் ‘சிங்க்’ என்று வழங்குவதனை ‘ஒத்திசைவு’ என்று தமிழில் எழுதுகின்றோம். நல்ல சொல்லே. ஆயினும், இரண்டு கருவிகள் எதிரெதிரே அமர்ந்து, ஒன்றன் சுருதியை மற்றொன்று கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்வது போன்றதொரு தோற்றத்தை அச்சொல் நம் மனத்தில் எழுப்புகின்றது. இன்று பெரும்பான்மையும் நடப்பது அதுவன்று. நம் கைப்பேசியும் நம் கணினியும் மடல் பற்றி ஒன்றோடொன்று ஒரு சொல்லும் பேசுவதில்லை. கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாலும், காலையில் கைப்பேசியிற் படித்த மடல் கணினியில் ‘படித்தது’ என்னும் குறியோடு காட்சியளிப்பதனைக் கொண்டே இதனை உணரலாம். இரண்டும் தனித்தனியே மூன்றாவது ஓரிடத்தோடு இசைகின்றன. அவ்விடம் மடல்களை ஏற்று வைத்திருக்கும் பொதுக் கணினி. ‘சர்வர்’ எனப்படும் அதனை ‘வழங்கி’ என்போம். பதிப்புத்துறையின் மொழியில் சொல்வதாயின், வழங்கியில் இருப்பது தாய்ப்படி. கருவிகளில் இருப்பவை சேய்ப்படிகள். இந்நிலை ஒரே நாளில் தோன்றியதன்று.

தொடக்கத்தில் இச்சிக்கலே இல்லை. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானக் அண்டு நியூமன் என்னும் நிறுவனத்திற் பணிபுரிந்த ரே டாம்லின்சன், அர்ப்பாநெட் வலையத்தின் வழியே ஒரு கணினியினின்றும் மற்றொரு கணினிக்கு மடல் செல்லுமாறு செய்தார். பெறுவோர் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் இடையே இன்று நாம் இடும் சுழிக்குறியைத் தேர்ந்தவரும் அவரே. அக்காலத்துக் கணினி பலர் பகிர்ந்துகொண்ட பெரும்பொறி. மடல்கள் அதனுள்ளேயே இருந்தன. படிக்க விரும்பியவர் அதனோடு இணைந்த முனையம் ஒன்றன் முன் அமர்ந்து படித்தார். எம்முனையத்தில் அமர்ந்தாலும் பெட்டி ஒன்றே, படியும் ஒன்றே.

தனியொருவர்க்குரிய சிறு கணினி மேசைமேல் வந்த பின்னரே படிகள் பெருகின. அக்கணினி இரவும் பகலும் வலையத்தோடு இணைந்திருக்கவில்லை. தொலைபேசிக் கம்பியின் வழியே சிறிது நேரம் இணைந்து, மடல்களைப் பெற்றுக்கொண்டு, பிரிந்துவிடுதலே அன்றைய வழக்கம். இணைந்திருக்கும் நேரத்திற்கெல்லாம் கட்டணமும் உண்டு. அந்நிலைக்கு ஏற்றவாறு 1984 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளியிடப்பட்டதே ‘பாப்’ எனச் சுருங்க வழங்கும் நெறிமுறை. அதன் முழுப்பெயரைத் தமிழாக்கின் ‘அஞ்சலக நெறிமுறை’ என்றாகும். 1988 இல் அதன் மூன்றாம் வடிவம் வந்தது. அம்மூன்றாம் வடிவிற்கு 1996 இல் வெளிவந்த ஆவணமே இன்றளவும் அடிப்படையாக விளங்குகின்றது. பெயர் மிகப் பொருத்தமானது. அஞ்சலகத்தில் தனிப்பெட்டி வைத்திருப்பவர் சென்று மடல்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்பின், பெட்டி வெறுமையாகும். அஞ்சலகம் அவற்றிற்குப் படி வைத்துக்கொள்வதில்லை. அவர் வீட்டில் எம்மடலைப் படித்தார், எதனைக் கிழித்தார், எதனை எக்கட்டில் வைத்தார் என்பதும் அஞ்சலகத்தின் கவலையன்று.

கருவி ஒன்றே உடையவர்க்கு இம்முறை குறைவற்றது. இரண்டு கருவிகள் வந்தவுடன் தொல்லை தொடங்குகின்றது. ஓர் ஆய்வாளர் துறையில் உள்ள கணினியிலும் கைப்பேசியிலும் பாப் முறையில் மடல் பெறுவதாகக் கொள்வோம். காலையிற் பேருந்தில் கைப்பேசி எடுத்துக்கொண்ட மடல்கள் கணினிக்கு வாரா. பகலிற் கணினி எடுத்துக்கொண்டவை கைப்பேசிக்குச் செல்லா. ஒரு வீட்டில் உடன்பிறந்தார் இருவர், ஒருவர்க்கொருவர் சொல்லாமல் அஞ்சலகம் சென்று, கிடைத்தவற்றைத் தத்தம் அறையிற் கொண்டுபோய் வைத்தாற் போல, மடல்கள் இரண்டு குவியல்களாகப் பிரிந்துவிடுகின்றன. நெறியாளர் எழுப்பிய வினா ஒரு குவியலிலும், அதன் தொடர்ச்சி மற்றொரு குவியலிலும் கிடக்கும்.

இதற்கு மாற்றாக, ‘எடுத்த பின்னும் வழங்கியில் ஒரு படி இருக்கட்டும்’ என்று கட்டளையிடும் வசதி பாப் செயலிகளில் உண்டு. அங்ஙனம் செய்யின் முன்னரே எடுத்த மடலை மீண்டும் எடுக்காதிருத்தற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஆதலின் வழங்கி ஒவ்வொரு மடலுக்கும் எழுபது எழுத்துகளுக்கு மேற்படாத தனி அடையாளம் ஒன்றை அளிக்கின்றது. கருவி தான் எடுத்தவற்றின் பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொள்கின்றது. இதனால் வந்த மடல்கள் இரு கருவிகட்கும் கிடைக்கின்றன. எனினும் கிடைப்பது அவ்வளவே. ‘படித்தது’ என்னும் குறிப்பிற்குப் பாப் நெறிமுறையில் இடமே இல்லை. கோப்புறை என்னும் கருத்தும் அதற்கில்லை. கைப்பேசியிற் படித்து முடித்த இருநூறு மடல்கள் கணினியில் இருநூறும் புதியனவாகத் தடித்த எழுத்தில் நிற்கும். கைப்பேசியினின்று எழுதிய மறுமொழி கணினியில் எங்கும் காணப்படாது. ‘அவர்க்கு எழுதினேனா, இல்லையா’ என்னும் ஐயமே இம்முறையினர் அடிக்கடி அடையும் துன்பம். இக்குறைகளைக் கருதிப் பாப் முறையைப் பழமைப்பட்டதெனத் தள்ளுவோர் பலர். அவ்வளவு விரைந்து தள்ளுதல் வேண்டா என்பது எம் கருத்து. காரணம் பின்னர்ப் புலனாகும்.

இரண்டு கருவிகள் நேருக்கு நேர் ஒத்திசைந்த காலமும் ஒன்று இடையில் இருந்தது. 1996 இல் வெளிவந்த ‘பைலட்’ என்னும் கையடக்கக் கருவியும் அதன் வழிவந்த ‘பாம்’ கருவிகளும் மேசைக் கணினியோடு இணைந்த தொட்டில் ஒன்றில் வைக்கப்பட்டன. தொட்டிலில் உள்ள பொத்தானை அழுத்தினால் முகவரிகளும் நாட்குறிப்புகளும் இரு புறமும் ஒத்துவரும். 1997 ஆம் ஆண்டுக் கருவியில் மடல்களும் சேர்ந்துகொண்டன. தொடக்கத்தில் யாம் எழுப்பிய வினாவிற்கு இக்கருவி கண்ட விடை நயமானது. ஒரு பதிவினை நீக்கின், கருவி அதனை உடனே மறந்துவிடாது. ‘இங்கே இன்ன எண்ணுடைய பதிவு இருந்தது, இஃது இப்பொழுது நீக்கப்பட்டது’ என்னும் குறிப்பை அடுத்த ஒத்திசைவு வரையில் வைத்திருக்கும். இத்தகைய குறிப்பிற்குக் கணினியியலார் இட்டு வழங்கும் பெயர் ‘கல்லறைக் கல்’ என்பதாகும். நாம் ‘நடுகல்’ எனலாம். மறைந்ததற்குச் சான்று நிறுத்தப்பட்டமையால், இல்லாமை இருபொருள்படுதல் ஒழிந்தது. நடுகல் இருப்பின் நீக்கம். இல்லையேல் இன்னும் வந்து சேராமை. ஒரே பதிவு இரு புறமும் வெவ்வேறாகத் திருத்தப்பட்டிருப்பின், இது சரி அது பிழை என்று பொறி தீர்ப்பளிக்க முற்படாமல், இரண்டனையும் வைத்துவிட்டு உரியவரிடமே விடுத்தது. பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டிவிட்டு அமையும் நேர்மையான பதிப்பாசிரியரின் செயலை இஃது ஒக்கும்.

ஆயினும் இம்முறை இருவர்க்கே பொருந்துவது. மூன்றாவதாக வீட்டுக் கணினி ஒன்றும் சேருமாயின் என்னாகும்? துறைக் கணினியோடு இசைந்தவுடன் நடுகல் தன் பணி முடிந்ததென்று அகற்றப்பட்டுவிடும். பின்னர் வீட்டுக் கணினியோடு இசையும்பொழுது மறைந்ததற்குச் சான்று இராது. அதனால் குறிகளை நம்பாது பதிவுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதாயிற்று. மூன்று, நான்கு, ஐந்து எனக் கருவிகள் பெருகும்பொழுது, ஒவ்வொன்றும் ஒவ்வொன்றோடும் கணக்குத் தீர்த்துக்கொள்ளுதல் இயலாது. அனைத்தும் ஒன்றோடு கணக்குத் தீர்த்துக்கொள்ளுதலே எளிது.

இவ்வெண்ணம் பாம் கருவிக்கும் பத்தாண்டு முற்பட்டது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986 இல் ‘ஐமேப்’ என்னும் நெறிமுறையை வகுக்கத் தொடங்கினார். அதன் இரண்டாம் வடிவம் 1988 இலும், நான்காம் வடிவம் 1994 இலும் ஆவணங்களாக வெளிவந்தன. 2003 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருத்தி வெளியிடப்பட்ட ஆவணமே உலகெங்கும் பரவியது. 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அதற்கும் ஒரு திருத்தம் வந்துள்ளது. பாப் முறையில் வழங்கி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் சத்திரம். ஐமேப் முறையில் அதுவே மடல்களின் நிலையான வீடு. கருவியில் நாம் காண்பது அவ்வீட்டில் உள்ளவற்றின் நிழலே. படித்தமை, மறுமொழி விடுத்தமை, சிறப்புக் குறியிட்டமை, நீக்கக் கருதியமை, வரைவாக இருத்தல் ஆகிய நிலைகளும் கொடிகளாக வழங்கியிலேயே பொறிக்கப்படுகின்றன. ஆதலின் ஒரு கருவியிற் படித்தது எல்லாக் கருவிகளிலும் படித்ததாகின்றது.

இல்லாமையின் இருபொருளை ஐமேப் தீர்த்த வகையே இதன் உயிர்நாடி என்று சொல்லலாம். அதனைச் சற்று விரித்துக் காண்போம். நூலகத்திற்குப் புதிய நூல் வருந்தோறும் பதிவேட்டில் ஏறுமுகமாக ஓர் எண் இடுகின்றனர். 4,817 ஆம் எண்ணுடைய நூல் தொலைந்துபோயினும் அவ்வெண்ணை வேறொரு நூலுக்குக் கொடுப்பதில்லை. ஐமேப் வழங்கியும் ஒவ்வொரு கோப்புறையிலும் வந்துசேரும் மடல்களுக்கு இங்ஙனமே எண் இடுகின்றது. எண் ஏறுமேயன்றி இறங்காது. ஒரு முறை வழங்கிய எண் மறுமுறை வழங்கப்படாது. இவ்விரண்டு விதிகளும் இருந்தால் போதும். கைப்பேசி தான் கடைசியாக அறிந்த எண் 4,817 என நினைவிற் கொண்டு வழங்கியை அணுகுகின்றது. 4,817 இற்கு மேற்பட்ட எண்கள் வழங்கியில் இருப்பின் அவை புதிய மடல்கள், ஐயமில்லை. 4,817 இற்குட்பட்ட எண்களுள் தன்னிடம் இருந்து வழங்கியில் இல்லாதவை நீக்கப்பட்டவை, இதிலும் ஐயமில்லை. நடுகல்லும் வேண்டா, மற்றைக் கருவியின் சான்றும் வேண்டா. வரிசை எண்ணே வரலாறாக நின்று பேசுகின்றது. ஏடுகளில் இத்தகைய எண் இருந்திருப்பின் பதிப்பாசிரியர் பலர்க்கு எத்துணை உழைப்பு மிஞ்சியிருக்கும்!

வழங்கியே பழுதுற்றுப் புதிதாக அமைக்கப்படின் எண்கள் மாறிவிடக்கூடும் அன்றோ? அதற்கும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கோப்புறைக்கும் முத்திரை எண் ஒன்று இருக்கின்றது. அது மாறியிருக்கக் காணின், கருவி தன்னிடமுள்ள படிகளை நம்பாது விடுத்து, அனைத்தையும் புதிதாகப் பெறல் வேண்டும். சில வேளைகளில் காரணமின்றிக் கைப்பேசி ஆயிரக்கணக்கான பழைய மடல்களை மீண்டும் இறக்குவதாக நமக்குத் தோன்றுவது இதனாலும் ஆகலாம்.

நாற்பதினாயிரம் மடல்கள் உள்ள கோப்புறையில் எண்களையும் கொடிகளையும் ஒவ்வொரு முறையும் முற்றக் கேட்டறிதல் சுமையே. இச்சுமையைக் குறைக்க 2006 இலும் 2008 இலும் இரண்டு விரிவாக்கங்கள் வெளிவந்தன. 2014 இல் அவை ஒன்றாக்கப்பட்டன. கோப்புறையில் நிகழும் மாற்றம் ஒவ்வொன்றிற்கும் ஏறுமுகமாக ஓர் எண் இட்டு, ‘இன்ன எண் வரையில் யான் அறிவேன்; அதன்பின் மாறியவற்றையும் மறைந்தவற்றையும் மட்டும் சொல்க’ என்று கருவி கேட்க வழிசெய்தமையே அவற்றின் சாரம். 2019 இல் ‘ஜேமேப்’ என்னும் புதிய நெறிமுறை இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது.

ஏட்டிற்கும் மடலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றனை இவ்விடத்துச் சுட்டுதல் வேண்டும். ஏடெழுதுவோர் கையில் பாடமே மாறும். மின்மடலோ, வழங்கியில் ஓர் எண் பெற்றபின் மாறுவதில்லை. மாறலாகாது என்பது விதி. மாறுவன கொடிகளும், இருக்கும் இடமும், இருப்பும் மட்டுமே. இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் ஒரு மடலைக் கையாண்டாலும், கடைசியாக வந்த கட்டளை நிற்பதன்றிப் பெருங்குழப்பம் நேர்வதில்லை என்பதற்கு இதுவே காரணம். இவ்விதியோடு முரண்படுவது வரைவு மடல். எழுதி முடியாத மடலை நாம் திருத்தித் திருத்திச் சேமிக்கின்றோம். வழங்கியில் உள்ள மடலைத் திருத்த இயலாதாகையால், செயலி ஒவ்வொரு முறையும் புதியதொரு மடலை ஏற்றிவிட்டுப் பழையதனை நீக்குகின்றது. ஏற்றியபின் நீக்குமுன் இணைப்பு அறுந்துபோயின் இரண்டு வரைவுகள் நிற்கும். கணினியில் ஒரு வரைவைத் திறந்துவைத்தபடியே கைப்பேசியிலும் அதனைத் திறந்து எழுதுவோர், ஒரே மடலின் மூன்று நான்கு வடிவங்களைக் கண்டு வியப்புறுதல் உண்டு. வியப்பிற்கு இடமில்லை; உண்மையிலேயே பாட வேறுபாடு தோன்றும் ஒரே இடம் அதுதான்.

அனுப்பிய மடல்களின் கதை வேறு. மடல் பெறுவதற்கும் அனுப்புவதற்கும் நெறிமுறைகள் வெவ்வேறு. அனுப்பும் நெறிமுறை 1982 இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆவணத்தினின்றும் வளர்ந்தது. அது மடலை ஏற்று முன்னே செலுத்துமேயன்றி, அனுப்பியவர்க்கெனப் படி வைத்துக்கொள்வதில்லை. ஆதலின் செயலி மடலை அனுப்பியபின், அதே மடலை இரண்டாம் முறையாக ஐமேப் வழியே கோப்புறையில் ஏற்றுகின்றது. இணைப்புக் கோப்பு பெரிதாயின் ஒரு மடலுக்கு இரு மடங்கு நேரம் செல்வது இதனால்தான். படியை வழங்கியில் ஏற்றாது தன்னிடமே வைக்குமாறு செயலி அமைக்கப்பட்டிருப்பின், மற்றைக் கருவி அதனை அறியாது. ஜிமெயில் போன்ற வழங்கிகளோ தாமே படி வைத்துக்கொள்கின்றன; அங்கே செயலியும் ஒன்று வைக்குமாயின் இரட்டைப் படி தோன்றலாம். கோப்புறையின் பெயரிலும் இசைவில்லை. ஒரு செயலி ‘அனுப்பியவை’ எனவும், மற்றொன்று ‘அனுப்பிய மடல்கள்’ எனவும், வேறொன்று ‘அனுப்பிய உருப்படிகள்’ எனவும் பொருள்படும் பெயர்களில் தனித்தனிக் கோப்புறைகளை ஆக்கிக்கொள்ளும். ஒருவர் எழுதிய மறுமொழிகள் மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பது இங்ஙனமே. எக்கோப்புறை எப்பணிக்குரியது என்று வழங்கியே அறிவிக்கும் முறை 2011 மார்ச்சில் வகுக்கப்பட்டது. பழைய செயலிகள் ஆக்கிச்சென்ற கோப்புறைகள் அதனால் ஒன்றுசேர்ந்துவிடவில்லை. உரியவர்தாம் கைப்பட ஒன்றுசேர்த்தல் வேண்டும்.

கைப்பேசிக்கெனத் தனியே உள்ள இடர்ப்பாடு மின்கலம் பற்றியது. நிமிடத்திற்கு ஒரு முறை வழங்கியைத் தட்டிக் கேட்பின் மின்கலம் விரைவில் ஓயும். ‘யான் காத்திருக்கின்றேன், மாற்றம் நேரின் நீயே சொல்க’ என்று இணைப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் முறை 1997 இல் ஐமேப்பிற்குச் சேர்க்கப்பட்டது, அங்ஙனம் காத்திருக்கும் செயலி இருபத்தொன்பது நிமிடத்திற்கு ஒரு முறையேனும் அவ்வேண்டுகோளைப் புதுப்பித்தல் வேண்டும் என்று அவ்வாவணம் அறிவுறுத்துகின்றது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 1999 இல் விற்கத் தொடங்கிய பிளாக்பெரி கருவிகள், மடல் வந்தவுடன் கைக்குள் வந்து விழும் வசதியாற் புகழ்பெற்றன. அக்கருவிகளின் பழைய சேவை 2022 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் நிறுத்தப்பட்டது.

இடப்பற்றாக்குறையால் கைப்பேசிச் செயலிகள் பல, மூன்று நாள், ஒரு வாரம், ஒரு திங்கள் என அண்மைக் காலத்து மடல்களை மட்டுமே தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. இணைப்புக் கோப்புகளை நாம் தொட்ட பின்னரே இறக்குகின்றன. மேசைக் கணினியின் செயலிகளிலும் இத்தகைய எல்லை இடப்பட்டிருத்தல் உண்டு. சேய்ப்படி முழுமையானது என்று யாரும் வாக்களிக்கவில்லை என்பதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி ஆய்வாளர்க்கு இதனால் நேரும் இழப்பினை நோக்குவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த மடல்களைப் பேணி வைத்தார். அவை இன்று தொகுக்கப்பெற்று அச்சேறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பு முயற்சிகட்கு நேர்ச்சான்றாக உதவுகின்றன. இக்காலத்து அறிஞர் ஒருவர்க்கு ஏட்டுப்படி பற்றியும், சொற்பொருள் பற்றியும், கல்வெட்டு வாசிப்புப் பற்றியும் வரும் மடல்களும் அத்தகையனவே. அவர் அவற்றைக் கைப்பேசியிற் காண்கின்றார். துறைக் கணினியிற் காண்கின்றார். வீட்டுக் கணினியிலும் காண்கின்றார். ‘மூன்று இடங்களில் உள்ளது; அழியாது’ என்று அமைதி கொள்கின்றார். மேலே கண்டவற்றால் அவரிடம் இருப்பது ஒரே படிதான் என்பது பெறப்படும். கைப்பேசியில் விரல் தவறி ஒரு கோப்புறையை நீக்கின், அந்நீக்கம் வழங்கிக்குச் சென்று, அங்கிருந்து மற்றைக் கருவிகளுக்கும் பிழையின்றிச் சென்றுசேரும். ஒத்திசைவு எவ்வளவு செம்மையாக இயங்குகின்றதோ அவ்வளவு விரைவில் இழப்பும் பரவும். குப்பைக் கோப்புறை சில நாள் தாங்கும். ஜிமெயிலில் அது முப்பது நாள். அதன்பின் வேண்டினும் கிடைத்தல் அரிது.

இதனினும் மிகுதியாக நேர்வது மற்றொன்று. ஆய்வு மாணவர் பட்டம் பெற்று வெளியேறுகின்றார். அல்லது பேராசிரியர் ஓய்வு பெறுகின்றார். பல்கலைக்கழகம் அளித்த முகவரி சில காலத்தில் மூடப்படுகின்றது. தாய்ப்படி அவர்க்குரியதன்று, நிறுவனத்திற்குரியது என்பது அப்பொழுதுதான் தெரியவருகின்றது. கைப்பேசியிற் சிறிது காலம் நிழல் நிற்கும். ‘கணக்கில் நுழைய இயலவில்லை’ என்னும் அறிவிப்பு ஓயாது வருதலைப் பொறாது அக்கணக்கைக் கருவியினின்று அகற்றுவார். அகற்றியவுடன் அதனோடு பிணைந்த சேய்ப்படியும் அழிந்துபோம். காகித மடல்களுக்கு இக்கேடு இல்லை. 

ஆதலின் ஒத்திசைவுக்கு உட்படாத தனிப்படி ஒன்று வேண்டும். தண்டர்பேர்டு போன்ற மேசைக் கணினிச் செயலிகளில் எக்கணக்கையும் சாராத உள்ளகக் கோப்புறைகள் உண்டு. வழங்கியில் உள்ள கோப்புறைகளை அவற்றிற் படியெடுத்தல் வேண்டும். ‘நகர்த்துக’ என்னும் கட்டளையை இங்கே பயன்படுத்தலாகாது. நகர்த்தின் தாய்ப்படி வழங்கியினின்று நீங்கும். ஜிமெயில் பயனர் தம் மடல்கள் அனைத்தையும் ‘எம்பாக்ஸ்’ என்னும் வடிவில் ஒரே கோப்பாகப் பெற்றுக்கொள்ள அந்நிறுவனமே வழி வைத்துள்ளது. மடல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுத்து வடிவில் அடுக்கிவைக்கும் மிகப் பழைய முறையே எம்பாக்ஸ். எந்நிறுவனத்தின் செயலியையும் நம்பியிராது என்பது அதன் சிறப்பு.

பாப் முறையைத் தள்ளவேண்டா என்று முன்னர்க் கூறியதன் கருத்தும் இதுவே. அன்றாடம் பயன்படுத்தும் கருவிகள் ஐமேப் முறையில் இருக்கட்டும். வீட்டில் உள்ள பழைய கணினி ஒன்று, வழங்கியிற் படியை விட்டுவைக்கும் கட்டளையோடு பாப் முறையில் மடல்களைப் பெற்றுவரட்டும். நீக்கம் என்னும் செய்தியைப் பாப் எடுத்துச் செல்லாது. கைப்பேசியில் நேரும் பிழை அக்கணினியைத் தீண்டாது. வருமடல் கோப்புறையை அன்றி வேறெதனையும் பாப் அறியாதாகையால், அனுப்பிய மடல்களைத் தனியே படியெடுத்தல் வேண்டும். ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் இதனைச் செய்துவரின் பெரிய உழைப்பில்லை.

படியெடுத்து முடித்தபின் இரு புறமும் மடல்களின் தொகையை ஒப்பிடுக. தொகை ஒத்திருப்பினும், தலைப்பு மட்டும் இறங்கி உடல் இறங்காத மடல்கள் இடையே இருத்தல் கூடும். கணினியின் வலைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெரிய இணைப்புக் கோப்புகளை உடைய பழைய மடல்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தால், இறங்கியவை எவை, இறங்காதவை எவை என்பது வெளிப்படும்.